வேணாம் சொல்லிக்கொடுத்தவர்

எங்கள் கிளினிக்கில் பேச்சு வராத குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வார்த்தை அம்மா இல்லை, அப்பா இல்லை. வேணாம். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடி எங்கள் படியேறவில்லை. எனக்கு அது பெரிய வயிற்றெரிச்சல். கவுண்டரில் உட்கார்ந்து, போன் எடுத்து, நேரம் ஒதுக்கி, ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பவள் நான். உள்ளே உட்கார்ந்து அவர்களைக் கலைத்து அனுப்புகிறவர் மிஸ்.

நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் டாக்டர் என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க, ஸ்பீச் தெரபிஸ்ட்" என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகத் திருத்துவார். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டர்" என்பார்கள்.

கிளினிக் இருந்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு பழைய கடைவரிசையின் முதல் மாடியில். கீழே ஒரு பக்கம் பூமாலைக் கடை, இன்னொரு பக்கம் கண் பார்வையில்லாத ஓர் அண்ணன் நடத்திய மசாஜ் சென்டர். நான் பண்டமாரானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருவேன். அதற்கு முன்னால் போர்ட் கிள்ளானில், லோரி டிரைவர்களோடு போனில் கத்துவதே என் உத்தியோகம். பேச்சு கிளினிக்குக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நினைத்துத்தான் விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் நான் மூச்சுவிடாமல் பேசி முடித்ததும் மிஸ் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்களால சும்மா இருக்க முடியுமாக்கா?"

முடியும் என்றேன். அது பச்சைப் பொய் என்று அவருக்கும் தெரிந்தது. இருந்தும் வேலை கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது.

மிஸ்ஸின் மேசைமேல் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கும். அது நிறைய அசாம் போய். உப்பும் புளிப்புமாக உலர்த்திய சின்னப் பழம், பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க இங்கே எல்லோரும் வாயில் அடக்கிக்கொள்வது. அது குழந்தைகளுக்கு அல்ல, கூட வருகிற பெரியவர்களுக்கு. நம் ஆட்களின் வழக்கம் தெரிந்ததுதானே. பிள்ளையைப் பார்த்து உன் பெயர் என்ன என்று கேட்டால் அம்மா பதில் சொல்வார், அப்பா அதைத் திருத்துவார், துணைக்கு வந்த அத்தை பிறந்த நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்வார். பிள்ளை சுவரில் ஊரும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு அசாம் போய். கொட்டை வாயில் இருக்கிறவரை யாரும் பேசக்கூடாது. ஊரில் வேறு எவராலும் அடக்க முடியாத மாமியார்களை அந்தக் கொட்டை அடக்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் வாய் அடைந்த பிறகு பிள்ளை முன்னால் ஒரு தட்டு வரும். அதில் பச்சைப் பாகற்காய் வில்லை, நனைந்த காலுறை, அந்தப் பிள்ளைக்கு என்னவெல்லாம் பிடிக்காதோ அதெல்லாம். மிஸ் அதில் ஒன்றை எடுத்து நீட்டுவார். நீட்டிவிட்டுக் காத்திருப்பார். பிள்ளை முகத்தைத் திருப்பினால் உடனே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வேணாம்" என்று மெல்லச் சொல்லிக் காட்டுவார். மறுபடி நீட்டுவார். மறுபடி காத்திருப்பார். சில நாட்களில் முழு நேரமும் இதிலேயே போய்விடும். குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று கிள்ளானிலிருந்து வந்த ஒரு தாத்தா படியிறங்கும்போதே யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டு போனார்.

கம்போங் மேடான் ஃபிளாட்டிலிருந்து ஓர் அம்மா நான்கு வயது மகளைக் கூட்டி வந்தார். வீட்டில் பேச ஆட்கள் ஏராளம், அதனால் அந்தப் பெண்ணுக்குப் பேச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நாக்கில் வசம்பு தடவியாகிவிட்டது, தேன் தடவியாகிவிட்டது, பத்துமலைக்கு வேண்டுதலும் வைத்தாகிவிட்டது. "ஒரே ஒரு அம்மா மட்டும் சொல்ல வச்சிருங்க டாக்டர். வேற ஒன்னும் கேக்கல" என்றார். மிஸ் தலையாட்டினார். பல வாரம் கழித்து ஒரு நாள் அந்தப் பெண் பாகற்காயைத் தள்ளிவிட்டு, "ஏனாம்" என்றாள். மிஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டினார். பதவியில் இருக்கிறவர்களுக்குக்கூட யாரும் அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை. தாயார் கன்னத்தில் கொட்டையை ஒதுக்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

அடுத்த முறை வந்தபோது என்னிடம் கொட்டித் தீர்த்துவிட்டார். "இதுக்கா அக்கா நான் லீவு போட்டு வரேன்? இட்லி குடுத்தா வேணாங்கறா. குளிக்கக் கூப்டா வேணாங்கறா. நேத்து வீட்டுக்கு வந்த ஒரு அங்கிளு முத்தம் கேட்டாரு, அவருக்கும் வேணாம்னுட்டா. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க லா. மானமே போச்சு."

மிஸ் உள்ளிருந்து எழுந்து வந்தார். "அந்த அங்கிளுக்கு முத்தம் குடுக்க உங்களுக்குப் பிடிக்குமா?"

அந்த அம்மா திகைத்துப் போய், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சீ, போங்க டாக்டர்." ஆனால் அவர் நிற்கவில்லை, தொடர்ந்து வந்தார். பிறகு ஒரு நாள் அம்மாவும் வந்தது, தண்ணியும் வந்தது, ஒரு பெரிய சண்டையும் வந்தது. என் கவுண்டரில் இருந்த ஸ்டேப்ளரை அவள் எடுக்க, நான் பிடுங்க, அவள் எனக்கு ஒரு முழு வாக்கியத்தில் சாபம் கொடுத்தாள்.

எல்லோரும் அப்படி நிலைப்பதில்லை. ஓர் அப்பா உள்ளே நடந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, "அதையாச்சும் இங்கிலீஷ்ல சொல்லிக் குடுங்க, ஸ்கூலுக்கு ஒதவும்" என்றார். கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர், திருவிழாவுக்கு மைக் பிடிக்கிறபோது குரல் கம்பீரமாக வர ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். ஒரு மனைவி, புருஷனுக்குப் பேச்சைக் குறைக்க வைத்தியம் உண்டா என்று ரகசியமாகப் போனில் விசாரித்தார். அதற்கு மட்டும் வைத்தியம் இருந்திருந்தால் நாங்கள் அந்தக் கட்டடத்தையே வாங்கியிருக்கலாம்.

இனி மிஸ்ஸின் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க வேணாம் சொல்லிக்கொடுத்தவர் தன் சொந்த வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. சுவருக்கு ஊதா நிறம் அடித்தது அவருடைய மச்சான். மிச்சம் இருந்த பெயின்ட். வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவார்கள். வரவேற்பறையில் ஒரே கடவுள் ஆறேழு காலண்டர்களில் சிரிப்பார், ஏனென்றால் கொண்டுவந்து கொடுத்த எந்தக் கடைக்காரரையும் மிஸ் திருப்பி அனுப்பியதில்லை. காப்புறுதி ஏஜென்ட்டுகள் எங்கள் படியைக் கண்டாலே முகம் மலர்வார்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு அவரோடு போனால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு இலைப்பக்கம் குனிந்தால் போதும், மிஸ்ஸால் கையைக் குறுக்கே நீட்ட முடியாது. மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் முழுக்கக் கண் செருகிக்கொண்டு, எதிரே இருக்கிற குழந்தைக்கு வேணாம் சொல்லிக்கொடுப்பார்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "ஏன் மிஸ், உலகத்துல இத்தன வார்த்த இருக்கு. எதுக்கு இத மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க? வர்ற ஆளெல்லாம் ஓடுது."

அவர் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொல்ல முடியாதவங்க சொல்ற சரிக்கு என்னக்கா அர்த்தம்?" என்றார். அப்புறம் வெட்கப்பட்டவர்போல் சிரித்து, "எனக்கு நல்லாத் தெரியும் அது" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தது. அந்த மனுஷியின் மேல் எனக்கு வந்த எல்லாமே அப்படித்தான் வந்தது.

இப்படி இருந்த எங்களிடம் டத்தோ வந்து சேர்ந்தார்.

டத்தோ என்பது அரசு தந்த பட்டம், எங்களுக்கு அதுவே அவர் பெயர். அவருக்குப் போர்ட் கிள்ளானில் பெரிய லோரி கம்பெனி. எங்கள் கடைவரிசையும் அவர் குடும்பத்துச் சொத்துதான், அதாவது நாங்கள் வாடகை கட்டியது அவருக்குத்தான். நான் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் குரலைப் போனில் கேட்டாலே முதுகு நிமிரும். யார் என்ன கேட்டாலும் முடியாது என்றுதான் ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் தாக்கி, வலது கை விழுந்து, வார்த்தைகள் எல்லாம் போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. சரி. காப்பியா? சரி. கிளம்பலாமா? சரி. நீங்கள் பொம்பளையா டத்தோ என்று கேட்டாலும் சரிதான். மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்குகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வாய் திறந்தால் அந்த ஒன்று மட்டும் தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது என்று மிஸ் எனக்கு விளக்கினார்.

குடும்பத்துக்கு இதில் துக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. "முன்ன மாரி இல்லீங்க, இப்ப ரொம்ப சாந்தமாயிட்டாரு" என்று மூத்த மகன் பெருமையாகச் சொன்னார். நாற்பது தாண்டியவர், கையில் இரண்டு போன். "சரி மட்டும் கொஞ்சம் தெளிவா சொன்னாப் போதும் டாக்டர். மத்தத நாங்க பாத்துக்குறோம்."

செவ்வாய்க்கிழமைதோறும் டத்தோவைக் கூட்டிவருவது ஒரு திருவிழா. லிஃப்ட் இல்லாத கட்டடம். டிரைவரும் பூக்கடைப் பையன்களும் அவரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவருவார்கள். கூடவே அவர் மனைவி வருவார், அதிகம் பேசாதவர். அவருக்கும் அசாம் போய் உண்டு, ஆனால் அது வீண் செலவு. டத்தோ முன்னாலும் அதே தட்டு, அதே பாகற்காய். மிஸ் நீட்டுவார். "சரி" என்பார் டத்தோ. முகம் மட்டும் கோணும். சரி என்று சொன்னதைக் கேட்டு அவரே திடுக்கிடுவார், மேசையை இடது கையால் தட்டுவார், சமயத்தில் அழுவார். மிஸ் கையை இழுத்துக்கொண்டு வேணாம் என்று சொல்லிக் காட்டுவார். மறுபடி காத்திருப்பார். மாதக்கணக்கில் இது ஓடியது. கடைசியில் வந்தது, வருகிற நாளில் ஒருமுறை, முகமெல்லாம் வியர்த்து, முழு பலத்தையும் திரட்டிய பிறகு. அதுவும் அந்த அறையில், அந்தத் தட்டுக்கு முன்னால், மிஸ் எதிரே இருந்தால் மட்டும்.

அந்தச் சமயத்தில்தான் மூத்த மகன் விஷயத்துக்கு வந்தார். கம்பெனியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். வக்கீல், டத்தோ சம்மதிப்பதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்கிறார், அவர் பேச்சு விளங்குகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்கிறார். "இங்கயே வச்சுக்கலாம். அவரு சரின்னதும் நீங்க லாயர்கிட்ட ஒரு வார்த்த, அவரு சம்மதிக்கிறாருன்னு. அவ்ளோதான். அப்புறம் உங்க வாடகையெல்லாம் நானே பாத்துக்குறேன்." வாடகை என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

மிஸ் என்ன சொன்னார்? "சரிங்க" என்றார்.

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கடினம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வக்கீல் இளம் ஆள், கழுத்துப்பட்டை இறுக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஸ் ஜாடியைத் திறந்து எல்லோருக்கும் அசாம் போய் கொடுத்தார், வக்கீலுக்கும். "கேள்வி கேக்குறப்ப மட்டும் எடுத்துக்கலாம்" என்றார். மூத்த மகனும் வாங்கி வாயில் போட்டார், அன்றைக்கு அவர் எதற்கும் தயாராக இருந்தார். நான் கதவோரம் நின்றேன். நின்றிருக்கக் கூடாது, ஆனால் நின்றேன்.

வக்கீல் கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "டத்தோ, கம்பெனிய உங்க மூத்த மகன் பேருக்கு மாத்துறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"சரி" என்றார் டத்தோ. சொன்ன உடனே மேசையைத் தட்டினார்.

மகன் கொட்டையைத் துப்பினார். "கேட்டுக்கிட்டீங்களா லாயர்? டாக்டர், நீங்க சொல்லுங்க."

மிஸ் பாகற்காய் வில்லை ஒன்றை எடுத்து நீட்டி, "டத்தோ, இத சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அதற்கும் சரி என்றே வந்தது. வக்கீல் புருவத்தைத் தூக்கினார். மிஸ் வில்லையைக் கீழே வைத்துவிட்டு, "அவசரமில்ல" என்று சொல்லிக் கைகளை மடியில் கட்டிக்கொண்டார். அப்புறம் அந்த அறையில் ஏர்கான் சத்தம் மட்டும்தான். வெளியே மோனோரயில் போனது. மகன் கடிகாரத்தைப் பார்த்தார். டத்தோவின் நெற்றி வியர்த்தது, உதடு முன்னால் குவிந்து விலகியது. நான் அவருக்காக என் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வே... வேணாம்."

"நன்றி" என்று மிஸ் தட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். லோரி கம்பெனி வாசலில் எடுத்த ஒரு படத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து அந்த இடத்தில் வைத்தார், பக்கத்தில் மகனின் படத்தை வைத்தார். "இப்பக் கேளுங்க லாயர். கேட்டுட்டு இருங்க. யாரும் பேசாதீங்க."

வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். மறுபடி அதே ஏர்கான். டத்தோ படங்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். இடது கையால் இரண்டு படங்களையும் வெடுக்கென்று பிரித்துத் தள்ளினார்.

"வேணாம்."

"பாகற்காயத்தான் வேணாங்கறாரு" என்றார் மகன்.

பாகற்காய்த் தட்டு அப்போது என் கையில் இருந்தது. வக்கீல் குழம்பிப்போய் மிஸ்ஸைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க மிஸ். எத வேணாங்கறாரு?"

மகனும் மிஸ்ஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாடகை, கட்டடம், நாளை எல்லாம் இருந்தது.

"அவரு இங்கதான இருக்காரு. அவருக்குப் பதிலா நான் பேசுறது இல்லீங்க" என்றார் மிஸ். வக்கீல் பக்கம் திரும்பினார். "இன்னொரு தரம் அவரையே கேளுங்க."

"கேட்டது போதும்" என்று மகன் எழுந்துவிட்டார். "அப்பா நல்லா இருந்தாரு. இங்க வந்துதான் கெட்டுப் போயிட்டாரு. டிரைவர், தூக்கு."

டத்தோ நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்." டிரைவர் தயங்கினார். மகனே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். அறை வாசலில், "வேணாம்." படித் திருப்பத்தில், "வேணாம்." இப்போது அது வியர்த்து வரவில்லை, அடுத்தடுத்து வந்தது, ஒவ்வொரு முறையும் பெரிதாக வந்தது. துறைமுகத்தில் போனில் நான் கேட்ட அந்தப் பழைய குரல். வக்கீல் பையோடு பின்னால் இறங்கினார், நானும் இறங்கினேன். டத்தோவின் மனைவி கடைசியாக வந்தார், கொட்டை இன்னும் வாயில்.

கீழே கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் பூ கட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுக் கடையிலிருந்து எச்சில் கையோடு இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மசாஜ் சென்டர் அண்ணன் வாசலுக்கு வந்து, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரு அது, இவ்ளோ தெளிவா வேணாங்கறாரு, கேக்காம எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றார்.

காரின் கதவு திறந்திருந்தது. மனைவி கொட்டையைக் கையில் எடுத்தார். "லாயர் தம்பி, அவரு கம்பெனியக் குடுக்க மாட்டேன்னுதான் சொல்றாரு. காலம்பூரா அப்படித்தான் சொன்னாரு" என்றார்.

வக்கீல் தெருவில் நின்ற அத்தனை பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "என்னால இதச் செய்ய முடியாதுங்க" என்று மகனிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். மாடியிலேயே விட்டிருந்தால் அது நாலு சுவருக்குள் நின்றிருக்கும். தூக்கிக்கொண்டு வந்து ஊருக்கே சாட்சி சேர்த்தது மகன்தான். இதை நினைத்து நான் இன்றைக்கும் சிரிப்பேன். ஆனால் அன்று சிரிக்கவில்லை, ஏனென்றால் காரில் ஏறும் முன் அவர் மேலே ஜன்னலைப் பார்த்து, "இந்த மாசத்தோட எடத்தக் காலி பண்ணிருங்க" என்று கத்தினார்.

நான் படியேறி ஓடினேன். மிஸ் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து. "மிஸ், கேட்டீங்களா? எடம் போச்சு. இனிமே எங்க போறது?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் வேறு இடம் கிடைக்காது, இருக்கிற குழந்தைகள் என்ன ஆகும், டத்தோ வீட்டார் ஊர் முழுக்க நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"படியில சொன்னாரு, அக்கா. ரோட்டுலயும் சொன்னாரு. தட்டு இல்ல, பாகற்காய் இல்ல, நான் எதிர்ல இல்ல. தானா சொன்னாரு. கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன்.

"அடுத்த செவ்வாய்க்கிழம அவரோட நேரத்த யாருக்கும் குடுத்துராதீங்க" என்றார் மிஸ்.